வெயிலும் தோலும்: புற்றுநோயை முளையிலேயே அறிதல்

இந்தியப் பொருளாதாரத்தின் பெரும்பகுதி திறந்த வானத்தின் கீழ் இயங்குகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பயிரிடுவோர் சுமார் 11.9 கோடிப் பேர். விவசாயத் தொழிலாளர் சுமார் 14.4 கோடிப் பேர். கட்டடம் கட்டுவோர், சாலை போடுவோர், உப்பளத்தில் உழைப்போர், கடலில் மீன் பிடிப்போர், ஆடுமாடு மேய்ப்போர், தெருவில் வண்டி வைத்து விற்போர் ஆகியோரையும் இவர்களோடு சேர்த்தால், நாட்டின் உழைப்பில் எத்துணைப் பெரும்பங்கு வெயிலில் நின்று செய்யப்படுகிறது என்பது விளங்கும். வெயிலின் தீங்கு என்றதும் மயக்கமும் நீரிழப்பும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பல ஆண்டுகள் தோலின் மீது விழுந்த வெயில், பிற்காலத்தில் புற்றுநோயாக உருவெடுக்கக் கூடும் என்பது பரவலாக அறியப்படவில்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023ஆம் ஆண்டில் கூட்டாக ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 160 கோடிப் பேர் திறந்த வெளியில் பணியாற்றும்போது புறஊதாக் கதிர்களுக்கு ஆளாயினர் என்றும், அவ்வாண்டில் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயால் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 19,000 மரணங்களுக்கு, வெயிலில் செய்த வேலையே காரணம் என்றும் அம்மதிப்பீடு கூறியது. எனவே இதனைத் தோல் மருத்துவரின் கவலையாக மட்டும் கருதாமல், தொழிலாளர் நலத்தைச் சார்ந்த பிரச்சினையாகவும் கருத வேண்டும்.

நம் நாட்டில் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து நோக்குமிடத்துத் தோல் புற்றுநோயின் பங்கு சிறியதே. அவ்வாறு சிறிதாக இருப்பதாலேயே ஒரு கேடு விளைகிறது. நோயாளி அதனை எதிர்பார்ப்பதில்லை. முதலில் பார்க்கும் மருத்துவரும் பல வேளைகளில் எதிர்பார்ப்பதில்லை. மூக்கின் ஓரத்தில் ஆறாத ஒரு சிறு புண்ணுக்குக் களிம்பும் பச்சிலையும் மாறி மாறித் தடவி ஆண்டுகளைக் கழித்தபின், அப்புண் கண்ணை எட்டிய நிலையில் நோயாளி பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார். தொடக்கத்தில் அரைமணி நேரச் சிகிச்சையில் தீர்ந்திருக்க வேண்டிய நோய், ஒருவரின் முகத்தையும் பிழைப்பையும் பறித்துவிடுகிறது.

கதிர்கள் செய்யும் வேலை

சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்கள் அவற்றின் அலைநீளத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. 315 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ளவை ‘ஏ’ வகை. 280 முதல் 315 வரையுள்ளவை ‘பி’ வகை. அதற்கும் குறைந்தவை ‘சி’ வகை. ‘சி’ வகை முழுவதையும், ‘பி’ வகையில் பெரும்பகுதியையும் வானின் ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. எஞ்சிய ‘பி’ கதிர்களும், தடையின்றி வரும் ‘ஏ’ கதிர்களும் தோலை வந்தடைகின்றன.

தோலின் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் புறஊதாக் கதிர் நேரடியாகத் தாக்குகிறது. அதன் இழையில் அடுத்தடுத்துள்ள இரு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து முடிச்சிட்டாற்போல் ஆகிவிடுகின்றன. இத்தகைய பழுதுகளைச் செப்பனிடும் ஆற்றல் உயிரணுவுக்கு இயற்கையாகவே உண்டு. எனினும் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் பழுது நேரும்போது, சில செப்பனிடப்படாமலே தங்கிவிடுகின்றன. உயிரணுவின் பெருக்கத்துக்குக் கடிவாளமாக விளங்கும் ‘பி-53’ என்னும் மரபணு இவ்வாறு கெடுமாயின், அந்த அணு கட்டுப்பாடின்றிப் பெருகத் தலைப்படுகிறது. இளமையில் பட்ட வெயிலின் விளைவு ஐம்பது அறுபது வயதில் தெரிவதற்கு இதுவே காரணம்.

இந்நோயைத் தொழிலோடு இணைத்துப் பார்த்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் மருத்துவர்களே. ஜெர்மனியின் பவுல் உன்னா 1894ஆம் ஆண்டில், கடலோடிகளின் முகத்திலும் கைகளிலும் காணப்பட்ட தடித்த பொருக்குகளையும் அவற்றிலிருந்து எழுந்த புற்றையும் விவரித்தார். பிரான்ஸின் போர்தோ நகரைச் சேர்ந்த துப்ரேய் என்னும் மருத்துவர், திராட்சைத் தோட்டத் தொழிலாளரிடம் அதே மாற்றங்களை 1896ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1992இல் வகைப்படுத்தியது.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

தோல் புற்றுநோய் மிகுந்த நாடுகளில் ஆஸ்திரேலியா முன்னணியில் உள்ளது. வடஐரோப்பாவிலிருந்து சென்று குடியேறிய வெண்ணிற மக்கள், அயனமண்டலத்தை ஒட்டிய கடும் வெயிலில் வாழ நேர்ந்ததன் விளைவு இது. அங்கு மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதேனும் ஒருவகைத் தோல் புற்றுநோய் தோன்றும் என மதிப்பிடப்பட்டது. 1981இல் விக்டோரியா மாநிலத்தில் சட்டை அணிதல், பூச்சுத் தடவுதல், தொப்பி வைத்தல் என்ற மூன்று அறிவுரைகளைக் கொண்ட பிரசாரம் தொடங்கப்பட்டது. பள்ளி விளையாட்டு மைதானங்களில் நிழல் அமைத்தல், தொப்பியின்றி மாணவரை வெளியே விடாமை போன்ற நடைமுறைகள் பின்னர் அதனைத் தொடர்ந்தன.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் நாம்பூர் என்னும் ஊரில் 1992ஆம் ஆண்டு தொடங்கி 1,621 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல் ஆகும். நாள்தோறும் வெயில் தடுப்புப் பூச்சைத் தடவிவந்தோரிடம் செதில் உயிரணுப் புற்றின் எண்ணிக்கை சுமார் 40 சதவிகிதம் குறைந்தது என்று 1999இல் அதன் முடிவு வெளியாயிற்று. வெயிலைத் தடுத்தால் நோயும் குறையும் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

நம் நாட்டின் நிலை

ஆஸ்திரேலியாவின் கணக்கை நம் நாட்டுக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் என்னும் நிறமி இயற்கை தந்த குடை. அமெரிக்காவில் 1979இல் வெளியான ஓர் ஆய்வில், புறஊதா ‘பி’ கதிர்களில் 24 சதவிகிதம் வெள்ளையரின் மேல்தோலைக் கடந்து சென்றது. கறுப்பரின் மேல்தோலைக் கடந்தது சுமார் 7 சதவிகிதமே. இந்தியரின் நிறம் மாநிலத்துக்கு மாநிலம், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுவது. பெரும்பாலோருக்கு இக்குடை ஓரளவேனும் உண்டு. ஆயினும் சில பிரிவினர் தனிக் கவனத்துக்கு உரியவர்.

முதலாவதாக, பிறவியிலேயே நிறமி அமையாதவர்கள். வெண்ணிறத் தோலும் மங்கிய பார்வையும் உடைய இவர்களுக்குக் குடை அறவே இல்லை. பள்ளிப் பருவம் முதல் பாதுகாப்பு இல்லாவிடில் இளமையிலேயே புற்றுநோய் தோன்றக் கூடும். பார்வைக் குறையால் படிப்பு தடைப்பட்டு வயல் வேலைக்குச் செல்ல நேர்வது இவர்களுக்கு இரட்டைத் துன்பமாகிறது.

இரண்டாவதாக, ‘சீரோடெர்மா பிக்மென்டோசம்’ என்னும் அரிய பிறவி நோய் உள்ள குழந்தைகள். டி.என்.ஏ. பழுதைச் செப்பனிடும் ஆற்றல் இவர்களிடம் குறைவு என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். முகமெங்கும் கரும்புள்ளிகளும், வெளிச்சத்தில் கண்கூச்சமும் குழந்தைப் பருவத்திலேயே தோன்றும். பத்து வயதுக்குள்ளேயே புற்று வருவதுண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் உண்டாகும். ஆதலால் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என நெருங்கிய உறவில் மணமுடிக்கும் வழக்கமுள்ள தென்மாநிலங்களில் இதனை நினைவில் கொள்ளுதல் அவசியம்.

மூன்றாவதாக, மலைநாட்டினர். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிரின் வலிமை சுமார் பத்து சதவிகிதம் கூடுகிறது. புதிய பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரை எதிரொளிக்கக் கூடியது. காஷ்மீரம், இமாசலப் பிரதேசம், லடாக் பகுதிகளின் மக்களில் பலர் வெளிர்நிறத்தவர் என்பதும் கருதத்தக்கது. நான்காவதாக, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வோர்.

வெயிலோடு தொடர்பின்றித் தோன்றும் தோல் புற்றுகளும் நம் நாட்டில் முக்கிய இடம் பெறுகின்றன. காஷ்மீர மக்கள் குளிர் காக்க உடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கனல் சட்டியின் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் புற்று உண்டாவதை ஸ்ரீநகரில் பணியாற்றிய எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866இலேயே எழுதினார். வேட்டியையும் புடவையையும் இடுப்பில் ஒரே இடத்தில் இறுகக் கட்டுவதால் தோன்றும் புற்றை மும்பையைச் சேர்ந்த வி. ஆர். கானோல்கர் 1945இல் எடுத்துரைத்தார். மேற்கு வங்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள ஆர்சனிக் நஞ்சால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்ப்புகள் தோன்றிப் புற்றாக மாறுவது 1983இல் கொல்கத்தாவில் கே. சி. சாகாவால் கண்டறியப்பட்டது. தீக்காயத் தழும்பிலும், தொழுநோயாளியின் காலில் நெடுங்காலம் ஆறாத புண்ணிலும் புற்று எழுவதுண்டு. காரணங்கள் வேறாயினும், அடையாளங்களும் சிகிச்சையும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே வெயிலால் வரும் நோயை அறியப் பழகிய பணியாளர், இவற்றையும் அறிந்துகொள்வர்.

புற்றுக்கு முந்திய அடையாளங்கள்

வெயில் விளைவிக்கும் முன்னோடி மாற்றத்தை மருத்துவர்கள் ‘ஆக்டினிக் கெரட்டோசிஸ்’ என்பர். வெயிற்பொருக்கு என நாம் கூறலாம். நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு, காதின் மேல்விளிம்பு, வழுக்கைத் தலை, புறங்கை, முன்கை ஆகிய இடங்களில் இது தோன்றும். சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அகலமுள்ள, சிவந்த அல்லது பழுப்பான திட்டின்மேல் வறண்ட செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணால் காண்பதைவிட விரலால் தடவி அறிவதே எளிது. உப்புத்தாளைத் தொட்டாற்போன்ற சொரசொரப்பு தட்டும். செதிலைப் பெயர்த்தால் மீண்டும் வளரும்.

ஒரு தனிப் பொருக்கு ஓராண்டில் புற்றாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. சில தாமாகவே மறைவதும் உண்டு. எனவே அச்சம் தேவையில்லை. ஆனால் ஒருவருக்குப் பல பொருக்குகள் பல ஆண்டுகள் இருக்குமாயின், வாய்ப்பு அதற்கேற்பக் கூடுகிறது. பொருக்கின் அடி தடித்தல், தொட்டால் வலித்தல், இரத்தம் கசிதல், விரைந்து வளர்தல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள்.

கீழுதட்டில் இதே மாற்றம் வேறு உருவில் தோன்றும். உதட்டின் சிவப்புக்கும் தோலுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு மங்கி, உதடு வறண்டு வெளுத்து, ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கும். வெயிலில் உழைப்பதோடு பீடியும் புகையிலையும் பழகியவரிடம் இதற்கு இரட்டை மதிப்புத் தர வேண்டும். உதட்டிலிருந்து எழும் புற்று கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் தன்மை உடையது. அமெரிக்க மருத்துவர் பவன் 1912இல் விவரித்ததும், அவர் பெயராலேயே வழங்குவதுமான மற்றொரு நிலையும் உண்டு. தெளிவான விளிம்புடன் மெல்லப் படரும் சிவந்த செதிற்படை அது. படர்தாமரைக்குரிய களிம்பு தடவியும் மாதக்கணக்கில் மறையாது. மேல்தோலுக்குள் அடங்கிய புற்றாகவே இது கருதப்படுகிறது.

மூவகைப் புற்றுகள்

முதல் வகை, மேல்தோலின் அடித்தள உயிரணுக்களிலிருந்து எழுவது. முத்தைப் போன்று பளபளக்கும் சிறு முடிச்சாகப் பெரும்பாலும் கண்ணருகிலோ மூக்கின்மேலோ தோன்றி, நடுவே குழிந்து புண்ணாகும். விளிம்பு சுருட்டிவிட்டாற்போல் உயர்ந்திருக்கும். இந்தியரிடம் இது கருநிறமாக இருப்பது மிகுதி. ஆகவே மச்சம் அல்லது மரு என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்திலேயே குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துச் செல்லும்.

இரண்டாம் வகை, செதில் உயிரணுப் புற்று. தடித்த, பொருக்குத் தட்டிய கட்டியாகவோ, கடினமான விளிம்புள்ள புண்ணாகவோ தோன்றும். வெயிற்பொருக்கிலிருந்தும், தழும்பிலிருந்தும், ஆர்சனிக் காய்ப்பிலிருந்தும் எழுவது இதுவே. நிணநீர்க் கணுக்களுக்கும், பின்னர் உள்ளுறுப்புகளுக்கும் பரவக் கூடியது. வெள்ளையரிடையே முதல் வகையே மிகுதி. நம் நாட்டின் பல மருத்துவமனைகளின் அறிக்கைகளில் இந்த இரண்டாம் வகை நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது. சில அண்மை அறிக்கைகளில் முதல் வகையும் மிகுதியாகக் காணப்படுகிறது.

மூன்றாம் வகை, நிறமி உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா. எண்ணிக்கையில் குறைவாயினும் கொடுமையில் முதன்மையானது. வெள்ளையரிடம் இது பெரும்பாலும் வெயிலால் வருவது. கருநிறத்தவரிடமோ, வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் தோன்றுகிறது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி 1981இல் தம் 36ஆம் வயதில் மறைந்தது, கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இந்நோயால்தான். ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாத வடிவம், ஒழுங்கற்ற விளிம்பு, ஒரே புள்ளியில் பல நிறங்கள், ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், நாளடைவில் மாறும் தன்மை ஆகிய ஐந்தும் ஐயத்துக்குரிய குறிகள். கருநிறத்தவரின் நகங்கள் பலவற்றில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது இயல்பே. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டு, நகத்தை ஒட்டிய தோலுக்கும் கருமை படர்ந்தால் மட்டும் தாமதம் கூடாது. வெறுங்காலுடன் நடப்போர் உள்ளங்காலின் கரும்புள்ளியை முள் குத்திய வடு என்றும், கால் ஆணி என்றும் எண்ணிவிடுவது வழக்கமாக நேரும் பிழை.

எந்த வகையாயினும், களப்பணியாளர் மனத்தில் பதிக்க வேண்டிய விதி எளியது. நான்கு முதல் ஆறு வாரங்களில் ஆறாத புண், ஆறியது போலத் தோன்றி மீண்டும் மீண்டும் உடையும் புண், காரணமின்றி இரத்தம் கசியும் கட்டி, மாறிக்கொண்டேயிருக்கும் மச்சம் ஆகிய நான்கையும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதியோரின் முகத்திலும் முதுகிலும் மெழுகு ஒட்டியது போலக் காணும் பழுப்பு மருக்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. உணர்ச்சியற்ற வெளிர் திட்டு தொழுநோயைச் சுட்டும். ஐயம் எழும்போது, சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் திசுப் பரிசோதனை ஒன்றே முடிவு கூற வல்லது. அதனைச் செய்யாமல் சுட்டுப் பொசுக்குவதும், காரம் வைத்து அரிப்பதும் நோயை மறைத்து வைக்குமேயன்றித் தீர்க்காது. கட்டியில் கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சம் மக்களிடையே வேரூன்றியுள்ளது, அதற்கு ஆதாரமில்லை.

சிகிச்சை முறைகள்

ஓரிரு வெயிற்பொருக்குகள் இருப்பின், திரவ நைட்ரஜனைத் தெளித்து உறையவைத்தல் எளிய முறை. மைனஸ் 196 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியுள்ள அத்திரவம் சில வினாடிகளில் நோயுற்ற அணுக்களை அழித்துவிடும். கொப்புளம் எழுந்து இரண்டொரு வாரங்களில் ஆறும். கருநிறத் தோலில் அவ்விடம் வெளுத்துப்போகக் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. சுரண்டி எடுத்து மின்சூட்டால் தீய்த்தலும் வழக்கில் உண்டு. பொருக்குகள் பலவாகப் பரந்திருப்பின், 5-ஃப்ளூரோயூரசில் களிம்பைச் சில வாரங்கள் தடவுவர். அவ்வமயம் தோல் சிவந்து எரிந்து புண்ணாவது மருந்து வேலை செய்வதன் அடையாளம். இதனை எடுத்துச் சொல்லாவிடில் நோயாளி அஞ்சி நடுவே நிறுத்திவிடுவார். இமிக்விமோட் களிம்பு, மருந்து தடவி ஒளி பாய்ச்சும் முறை ஆகியனவும் பயன்படுகின்றன.

புற்று என உறுதியானபின் தலையாய சிகிச்சை அறுவையே. கட்டியோடு சுற்றியுள்ள நல்ல தோலிலும் ஒரு சிறு விளிம்பைச் சேர்த்து எடுப்பர்; அபாயம் குறைந்த சிறு கட்டிகளுக்கு அவ்விளிம்பு நான்கு மில்லிமீட்டர் முதல் ஆறு மில்லிமீட்டர் வரை போதும். எடுத்த திசுவின் ஓரங்களில் புற்று எஞ்சவில்லை என்பதைச் சோதித்து உறுதி செய்தல் இன்றியமையாதது. தொடக்கநிலை அடித்தளப் புற்றுடையோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்வாறு முழுக் குணமடைகின்றனர். கண், மூக்கு போன்ற இடங்களில், அடுக்கடுக்காக எடுத்து உடனுக்குடன் சோதிக்கும் முறையை ஃபிரெடரிக் மோஸ் என்னும் அமெரிக்கர் வகுத்து 1941இல் வெளியிட்டார். நல்ல தோலை வீணாக்காத இம்முறைக்குத் தனிப் பயிற்சி தேவை. அறுவைக்கு இயலாத முதியவருக்குக் கதிரியக்கச் சிகிச்சை உதவும். ஆனால் சீரோடெர்மா பிக்மென்டோசம் உள்ள குழந்தைகளுக்கு வெயிலைத் தவிர்த்தலும், எழும் புற்றுகளை உடனுக்குடன் அறுவையால் நீக்குதலுமே முதன்மையான வழி.

மெலனோமாவில் கட்டியின் ஆழமே விதியை நிர்ணயிக்கிறது என்று 1970இல் பிரெஸ்லோ காட்டினார். தோலோடு நிற்கும் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர் என்றும், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் இது 40 பேருக்கும் குறைவு என்றும் அமெரிக்கப் பதிவேடுகள் கூறுகின்றன. 2011 முதல் வழக்கில் வந்துள்ள எதிர்ப்பாற்றல் மருந்துகள் பரவிய நோயிலும் நம்பிக்கை அளிக்கின்றன. அவற்றின் அடிப்படையைக் கண்டறிந்த ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எனினும் அம்மருந்துகளின் விலை சாதாரணக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது.

தாமதத்தின் விலை

இங்குப் பொருளாதாரக் கணக்கு தெளிவானது. கீழுதட்டில் வெடிப்புள்ள ஒரு கூலித் தொழிலாளி மாவட்ட மருத்துவமனைக்குச் சென்றால், போய்வரும் பேருந்துக் கட்டணமும் ஓரிரு நாள் கூலியும் இழப்பாகும். அதனைத் தவிர்க்க எண்ணியே அவர் தள்ளிப்போடுகிறார். இரண்டாண்டு கழித்து அதே நோய்க்குத் தாடையறுவை, கழுத்துக் கணு நீக்கம், கதிரியக்கம், தோல் ஒட்டுதல் ஆகியவை தேவைப்படும்போது, தொலைநகரில் பல வாரங்கள் தங்க வேண்டும். உடன் வருபவரின் கூலியும் போகும். ஆடும் நகையும் விற்கப்படும். 2018இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் இழந்த கூலியையும் சிதைந்த முகத்தையும் எந்தக் காப்பீடும் ஈடுசெய்ய இயலாது. நோயின் தொடக்கத்தில் செலவிடும் ஒரு ரூபாய் பிற்காலத்தின் பல ரூபாய்களைக் காக்கும் என்னும் பொது விதி, கண்ணுக்குத் தெரியும் இந்நோயில் மேலும் பொருந்தும்.

தடுப்பு

காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை புறஊதாக் கதிர் மிகுதி. மெல்லிய மேகம் இதனைத் தடுப்பதில்லை. அதன் ஊடே 80 சதவிகிதம் வரை வந்துவிடக் கூடும். விடியற்காலையில் வயலுக்குச் சென்று உச்சிவேளைக்கு முன் கரையேறும் நம் உழவரின் பழைய வழக்கம் அறிவுக்கு உகந்ததே. நெருங்க நெய்த முழுக்கைச் சட்டையும், காதையும் பிடரியையும் மறைக்கும் முண்டாசும், அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பியும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருபவை. அசாமின் ஜாபி என்னும் மூங்கில் தொப்பி உழவர் வெயிலையும் மழையையும் தாங்கப் பிறந்தது. விலையுயர்ந்த பூச்சு எல்லோருக்கும் வேண்டுவதில்லை. ஆனால் பிறவியில் நிறமி அற்றோருக்கு அது மருந்தாகும். அழகுப் பொருளாகக் கருதி ஒதுக்காமல், அரசு மருத்துவமனை வழியாக அதனை வழங்குவது பற்றிச் சிந்திக்க வேண்டும்.

ஓசோனைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டிகளின் வாயுக்களைப் பற்றியதாகத் தோன்றும் அவ்வுடன்படிக்கை, உண்மையில் கோடிக்கணக்கான உழைப்பாளரின் தோலைக் காக்கும் நடவடிக்கையும் ஆகும்.

செய்யக்கூடியவை

தோல் புற்றுநோய்க்கெனத் தனித் தேசியத் திட்டம் தொடங்க வேண்டும் என்பதில்லை. நோயின் அளவு அதனைக் கோரவில்லை. ஏற்கெனவே உள்ள அமைப்புகளைக் கொண்டே பலவற்றைச் செய்யலாம்.

தொழுநோயைத் தேடிச் செல்லும் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று தோலைப் பார்க்கின்றனர். உணர்ச்சியற்ற திட்டைத் தேடும் அதே கண், ஆறாத புண்ணையும் உள்ளங்காலின் கரும்புள்ளியையும் காணப் பழக அரைநாள் பயிற்சியும் சில வண்ணப் படங்களும் போதும். வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றின் புற்றுக்காக 30 வயதைக் கடந்தோரைச் சோதிக்கும் ஏற்பாடு உள்ளது. வாயைச் சோதிக்கும்போது உதட்டையும் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பது கூடுதல் செலவற்றது. திரவ நைட்ரஜன் கிடைப்பதரிது என்ற எண்ணமும் முழுதும் சரியன்று. கால்நடைச் செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்து அத்திரவத்தில்தான் வைக்கப்படுகிறது. கால்நடைத் துறையின் வழங்கல் வழிகள் மாவட்டங்களை எட்டுகின்றன. இரு துறைகளும் கலந்து பேசினால், மாவட்ட மருத்துவமனையின் தேவைக்கும் வழி பிறக்கும்.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பணியிடத்தில் நிழலும் குடிநீரும் அமைக்க வேண்டும் என்று விதித்தது. எச்சட்டத்தின் கீழ் நடைபெறும் பொதுப்பணியாயினும், நிழலைச் சலுகையாக எண்ணாமல் பணியின் ஓர் உறுப்பாக மதித்தல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்துக்குச் செல்லும் விவரங்களில், தோல் புற்றாளர் செய்த தொழிலும் வாழ்ந்த ஊரும் செம்மையாகக் குறிக்கப்பட்டால், எம்மாவட்டத்தில் வெயில், எங்கே நீரின் நஞ்சு, எங்கே கனல் சட்டி என்று பிரித்தறிந்து நடவடிக்கை எடுக்க இயலும்.

உள்ளுறுப்புகளில் ஒளிந்திருக்கும் புற்றைக் காண விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். தோலில் தோன்றும் புற்றோ நோயாளியின் கண்ணுக்கும், மனைவி மக்களின் கண்ணுக்கும், கிராமச் செவிலியின் கண்ணுக்கும் நாள்தோறும் தென்படுகிறது. அதனை இன்னதென்று அறியும் அறிவைக் கிராமம்வரை கொண்டு சேர்ப்பது மாணவரும் அதிகாரிகளும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். வெயிலில் நின்று நாட்டுக்கு உணவளிப்பவர், தமக்குத் தெரிந்தே வளர்ந்த ஒரு புண்ணால் மடிய நேரும் நிலையை அகற்ற, இப்பணியிலிருந்து தொடங்கலாம்.